சித்தப்பா வெட்டிய பாதை

சரளைக்கல்லின் மேல் தரையை இறுக்கும் திமிசுக்கட்டை விழும் 'தொம், தொம்' ஓசை அந்தக் கோடை முழுக்க எங்கள் அடுப்படி வரை கேட்டுக்கொண்டே இருந்தது. அரிமளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். புதுக்கோட்டை அப்போது சமஸ்தானம். இரண்டாம் உலக யுத்தம் தொடங்க இன்னும் ஓரிரு வருடங்கள் இருந்தன, எனக்கு வயது ஒன்பது. ரங்கூனில் வியாபாரம் செய்த முதலாளி ஒருவர் ஊருக்குள் பங்களா கட்டி, அதன் முன்னாலிருந்த பொட்டலில் தோட்டம் போடும் பொறுப்பை என் அப்பாவின் தம்பி முத்தையாவிடம் விட்டிருந்தார்.

சித்தப்பாவுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். வேறு யாராக இருந்தாலும் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலைக்கு எழுதிப் போட்டிருப்பார்கள். இவரோ மேடு எங்கே, பள்ளம் எங்கே, எந்த மரத்தின் நிழல் எந்தப் பக்கம் விழும், நடந்து வருகிறவன் கண்ணில் முதலில் எது பட வேண்டும் என்று தாள் தாளாக வரைந்துகொண்டிருந்தார். இன்று அதற்கு 'லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்' என்று கல்லூரியில் பட்டமே தருகிறார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் 'மாலி வேலை'. "மம்பட்டி பிடிக்கவாடா ஒன்னய படிக்க வச்சேன்?" என்று அப்பா வயிறெரிவார். முதலாளிதான் வாக்குக் கொடுத்திருந்தார்: பெங்களூரில் பெரிய பூங்காக்களை வடிவமைக்கும் நிபுணர் ஒருவர் ஐப்பசியில் வருகிறார், தோட்டம் அவருக்குப் பிடித்துவிட்டால் சித்தப்பாவை அவரிடமே அனுப்பிப் படிக்க வைப்பதாக. அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா வெயிலென்று பாராமல் உழைத்தார்.

அந்தப் பொட்டலின் குறுக்கே கணுக்கால் ஆழத்தில் ஒரு 'வாரி' ஓடியது. மேட்டு நிலத்து மழைத்தண்ணீர் அதில் இறங்கித்தான் ஊருணி நிறையும். ஊருக்கே குடிதண்ணீர் அந்த ஊருணி ஒன்றுதான். சித்தப்பா வாரியை மறந்துவிடவில்லை. ஏறி இறங்கி வளைந்து போகும் சரளைப் பாதை ஒன்றை அதன் மேலாகக் கொண்டுபோனவர், தண்ணீர் போக அடியில் சுட்டமண் குழாய் பதித்தார். "இம்புட்டுத் தண்ணியும் இந்தக் குழாய்க்குள்ள போயிருமாடா?" என்று அப்பா கேட்டதற்கு, "கணக்குப் பாத்துத்தாண்ணே வச்சிருக்கேன்" என்றார். அவர் கணக்கில் தண்ணீர் இருந்தது. அதோடு சேர்ந்து வரும் மணலும் முள்ளும் சருகும் இல்லை.

ஐப்பசியில் முதல் பெருமழை கொட்டியது. சற்று நேரத்தில் குழாய் அடைத்துக்கொள்ள, பாதையே கரையாக நின்று தண்ணீரை மறித்தது. அவ்வளவும் திரும்பிக் கருவைக் காட்டுக்குள் ஓடியது. ஊருணியின் தரை நனைந்ததோடு சரி. குடமும் கையுமாகப் பெண்கள் பங்களா முன்னால் வந்து நின்றார்கள். என் அம்மாவும் நின்றாள், அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். பாதையை வெட்டிவிட மண்வெட்டியோடு போன சித்தப்பாவை முதலாளி தடுத்தார்.

"ரெண்டே நாள் பொறு முத்தையா. பெங்களூர்க்காரர் பாத்துட்டுப் போயிரட்டும். அப்புறம் நீ வெட்டு, கொத்து, என்னமும் செய்யி."

"மழை பொறுக்காதுங்கய்யா."

"வெட்டுனா பெங்களூரை மறந்துரு."

சித்தப்பா அவரைத் தாண்டிப் பாதையில் இறங்கினார். பிறகு, தான் பார்த்துப் பார்த்து வளைத்த இடத்திலேயே ஓங்கி வெட்டினார். முதலாளியின் முகத்துக்குப் பயந்து, உதவிக்கு ஓர் ஆண்பிள்ளைகூட இறங்கவில்லை.

தண்ணீர் ஊருணிப் பக்கம் திரும்பியது. ஆனால் பொழுது சாய்வதற்குள் மழை விட்டுவிட்டது. அந்த வருடம் அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளும்படி பெய்யவுமில்லை. ஊருணியில் சேர்ந்த அரைகுறைத் தண்ணீர் மாசியிலேயே வற்றியது. பெங்களூர்க்காரர் சொன்னபடி வந்தார், கிழிந்து கிடந்த சேற்றைப் பார்த்தார், காபி குடித்துவிட்டுப் போனார்.

தன் படிப்பையே வெட்டிப் போட்டவர் என்று ஊரில் ஒரு நாக்காவது சொல்ல வேண்டுமே! 'தண்ணிய மறிச்சவன்' என்பதே அவர் பெயராகிப்போனது. ஊரைச் சொல்லி என்ன? இரண்டு மைல் நடந்து இடுப்பில் குடம் சுமந்த எனக்கும் அவர்மேல் அதே கோபம்தான். பங்குனியில் மலாயா ரப்பர் தோட்டத்துக்குக் கணக்கெழுதும் கிராணி வேலைக்காகக் கிளம்பியவர், "போயிட்டு வாரேன் தாயி" என்று என்னிடம் வந்து சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மலாயாவிலிருந்து வருடத்துக்கு ஒரு கடிதம் வரும். எல்லோரையும் நலம் விசாரித்துவிட்டுக் கடைசியில் தவறாமல் ஒரு வரி: 'இந்த வருஷம் ஊருணி நிறைந்ததா?' "குத்திக் காட்டுறானாக்கும்" என்று அப்பா அதை உத்தரத்தில் செருகிவிடுவார். அப்பாவுக்கு எழுத வராது. வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவர் கப்பலேறிய அதே வருடத்து ஐப்பசியிலேயே, அவர் வெட்டிவிட்ட வழியில் தண்ணீர் வந்து ஊருணி கரை தட்ட நிறைந்தது. நான் எழுதவில்லை. ரோஷமாம், ரோஷம்! நான்காவது கடிதத்துக்குப் பின் யுத்தம் மலாயாவுக்குப் போயிற்று. சித்தப்பா என்ன ஆனார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

இப்போது ஊருணியும் இல்லை. மண்ணடித்துத் தூர்த்துக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். முன்னால் புல்தரையும் வளைந்த நடைபாதையும், படித்தவர் யாரோ வந்து வரைந்து கொடுத்ததாம். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன், அந்தப் பாதையில் என்னால் நடக்க முடியவில்லை. பேரனிடம் கால் வலி என்று சொல்லி வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டேன். 'நிறைந்தது சித்தப்பா' என்று இரண்டே வார்த்தை எழுத எனக்கு மூன்று வருடம் இருந்தது.