எனக்காகப் பெண் கேட்ட தவுக்கே

பினாங்கில் எனக்கு உறவு என்று யாரும் இல்லை. துறைமுகக் கிடங்கில் மூட்டைகளுக்குக் குறி எழுதும் வேலை. முப்பது வயதை நெருங்கியபோது, பட்டர்வொர்த் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணியாரின் மகளை எங்கள் மாதா கோவில் திருவிழாவில் பார்த்தேன். அவளும் பார்த்தாள் என்றுதான் நினைத்தேன். கோவில் உபதேசியார் மூலம் விசாரித்தேன். பெரியவர்கள் வந்து முறையாகக் கேட்டால் பார்க்கலாம் என்று கிராணியார் சொல்லி அனுப்பினார்.

பெரியவர்களுக்கு நான் எங்கே போவேன்? பூசைக்கு வரும் தமிழர் இருவரைக் கேட்டேன். "உன் ஆளுங்க யாருன்னே தெரியாது. நாளைக்கு ஒண்ணுன்னா எங்க தலைதானே தம்பி உருளும்" என்று நழுவிவிட்டார்கள்.

கோவிலில் நாங்கள் ஒரு பக்கம், சீனர்கள் மறுபக்கம் உட்காருவோம். பிரசங்கமும் அவரவர் மொழியில் தனித்தனி. ஆனால் சனிக்கிழமைகளில் பீடத்துப் பித்தளைச் சாமான்களைத் துலக்க என்னோடு வருபவர் ஒரு சீனர், பிரம்பு நாற்காலிக் கடைக்காரர். முதலாளி என்ற அர்த்தத்தில் எல்லாரும் அவரைத் தவுக்கே என்பார்கள். அவர் மலாயில் பேசிக்கொண்டே இருப்பார், நான் தலையாட்டுவேன். அந்த வாரம் அதையும் மறந்து உட்கார்ந்திருந்தேன். என்னவென்று கேட்டார். சொன்னேன். தானும் மனைவியும் வயதில் பெரியவர்கள்தானே, அது போதாதா என்றார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மூன்று பேரும் பட்டர்வொர்த்துக்கு ஃபெரி ஏறினோம். அவர் மனைவியின் மடியில் ஒரு கூடை ஆரஞ்சு.

கிராணியார் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன தம்பி, பெரியவங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னா, சீனங்களைக் கூட்டிட்டு வந்திருக்கே?"

நான் தவுக்கேயைத் திரும்பிப் பார்த்தேன். ஃபெரியில் என்னிடம் கற்றுக்கொண்டதைத் தவுக்கே சொன்னார்: "நான் இவன் அப்பா. இது அம்மா. பொண்ணு கேக்க வந்தோம்லா."

"நிறந்தான் கொஞ்சம் இடிக்குது" என்று சிரித்தபடி கிராணியார் உள்ளே கூப்பிட்டார்.

தவுக்கேயின் மனைவி ஆரஞ்சுகளைத் தட்டில் அடுக்கினாள். பெண்ணின் தாய் எண்ணினாள். "பத்தா? நல்ல காரியத்துக்கு ஒத்தப்படையால்ல வைக்கணும்" என்று ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டாள். சீன அம்மாள் அதைத் திரும்பத் தட்டில் வைத்தாள். ஒற்றை எண்ணிக்கை சாவு வீட்டுக்கு என்றாள் மலாயில். பழம் மூன்று முறை போய் வந்தது.

"ஒரே சாமியைத்தானே கும்பிடறோம், இதுல என்னங்க இவ்வளவு பிடிவாதம்" என்றாள் பெண்ணின் தாய், பழத்தை விடாமல். சீன அம்மாளும் விடவில்லை. கிராணியார் முகம் மாறியது. "ஆரம்பமே சரியில்லையே" என்று முணுமுணுத்தார். எல்லாம் கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தும் நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காப்பி கொண்டு வந்த பெண் தட்டைக் கீழே வைத்தாள். இருவர் கையிலும் இருந்த பழத்தை வாங்கி, அங்கேயே உரித்து, ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள்.

"அவங்க பத்து கொடுத்தாங்க. நமக்கு ஒன்பது வந்திருச்சு. போதுமாம்மா?"

தவுக்கேக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தொடையில் தட்டிச் சிரித்தார். "இவளே முடிவு பண்ணிட்டா, இனி நான் என்னத்தைச் சொல்ல" என்றார் கிராணியார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை பக்கத்துப் பெஞ்சுகளில் சீனர்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பெண் வீட்டார் பக்கம் இடமில்லாமல், நழுவிப் போன அந்த இரண்டு பெரியவர்களும் சீனர்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்தார்கள். ஒரு சீனக் கிழவர் விசிறியை நீட்டினார். வாங்கிக்கொண்டார்கள். சாமியார் சம்மதமா என்று கேட்டதும், சம்மதம் என்று நான் சொன்ன சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.