குமுதா டீச்சர் கட்டிய ரிப்பன்

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் குமுதா டீச்சருக்குச் சொந்தக்காரர்கள் இல்லாத வீடு என்று ஒன்றைக் காட்டுவது கஷ்டம். அவளுடைய அப்பா ரெங்கசாமி மேல் டிவிசனில் பிறந்தவர், அம்மா கீழ் லயத்து வரிசை வீட்டுப் பெண். அதனால் மேலே குடியிருப்பவர்கள் எல்லாரும் பங்காளி, கீழே குடியிருப்பவர்கள் எல்லாரும் மாமன் மச்சான் முறை. நடுவில் இருக்கிற தமிழ்ப்பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவள் அத்தை, மீதிப் பேருக்குச் சின்னம்மா.

"பள்ளிக்கூட கேட்டுக்கு உள்ள நான் டீச்சர். வெளிய போயி அத்த, சின்னம்மான்னு எப்படி வேணா கூப்பிடுங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுவாள். பிள்ளைகளும் அப்படியே நடந்துகொண்டார்கள். பெரியவர்களுக்குத்தான் அது பழகவில்லை. ஒரு பிள்ளை நல்ல மதிப்பெண் எடுத்தால் போதும், "எடுக்காம என்ன, ரத்த சொந்தமாச்சே" என்று குழாயடியில் பேச்சு கிளம்பிவிடும். அந்தப் பேச்சைக் குமுதாவால் தாங்க முடியாது. கொழுந்து வெட்டிய கைகள் படிக்க வைத்து ஆளானவள் அவள். தோட்டத்திலிருந்து படித்துப் போய் அதே பள்ளிக்கு டீச்சராகத் திரும்பி வந்தவள். ஓரவஞ்சனைக்காரி என்று பெயர் எடுப்பதைவிடக் கடுமைக்காரி என்று பெயர் எடுப்பது மேல் என்பது அவளுடைய எண்ணம்.

அந்த எண்ணம்தான் ரிப்பனில் கொண்டுபோய் விட்டது.

மனக்கணக்கு நேரத்தில் பிள்ளைகள் விரலை நீட்டி எண்ணுவது அவளுக்குப் பிடிக்காது. அதிலும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. விரலை நீட்ட மாட்டார்கள். கட்டைவிரல் நுனியை மற்ற விரல்களின் ரேகை மேல் ஒவ்வொன்றாக வைத்து, உள்ளங்கைக்குள்ளேயே எண்ணி முடித்துவிடுவார்கள். கொழுந்துச் சாக்கு எண்ணும் அம்மாமார்களைப் பார்த்து வந்த பழக்கம். "இது லயத்துக் கணக்கு. சோதனைக்கு இது ஆகாது. தலையில போடணும்" என்பாள் குமுதா. சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், நிற்கவில்லை. அப்புறம் ஒரு நாள், "இனிமே விரல் அசைஞ்சா ரெண்டு கையையும் கட்டிருவேன்" என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு முதலில் அசைந்தது நளினியின் விரல்.

நளினி வேறு யாருமில்லை, குமுதாவின் கூடப்பிறந்த அண்ணன் மகேனின் மகள். அப்போது முதலாம் ஆண்டுப் பிள்ளை. வேறு பிள்ளையாக இருந்திருந்தால் குமுதா ஒரு முறை முறைத்துவிட்டு விட்டிருப்பாள். அண்ணன் மகளாகப் போனதால் விட முடியவில்லை. வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நளினியின் இரட்டைச் சடையில் ஒன்றிலிருந்து நீல ரிப்பனை உருவி, அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினாள். இறுக்கிக் கட்டவில்லை, விளையாட்டுப் போலத்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். நளினியும் சிரித்தாள். அவிழ்ந்த சடை தோளில் கிடக்க, பாடம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலமே தோட்டம் முழுக்கப் பேச்சு. "அண்ணன் மகள்னும் பாக்கல, கட்டிப்புட்டா! டீச்சர்னா இவதான்லா!" குமுதாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் ஒரு விரல் அசையவில்லை.

நளினி இப்போது மூன்றாம் ஆண்டு. கணக்கில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், கைகளைச் சுவெட்டருக்குள் இழுத்துக்கொள்வாள், வாய் திறக்க மாட்டாள். பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் அவளைச் சேர்க்கலாமா என்று தலைமையாசிரியர் தர்மேந்திரன் கேட்டிருந்தார். "அண்ணன் பொண்ணுன்னு தயங்காதீங்க டீச்சர்" என்றும் சேர்த்துச் சொன்னார். குமுதா தயங்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டாள்.

இதற்கு நடுவில் குமுதா மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். வேலை பார்த்துக்கொண்டே இணையத்தில் படிக்கும் முதுகலை. கட்டிக்கொடுத்த இடம் தானா ராத்தா டவுன். புருசன் தினேஸ்வரன் அங்கே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில் இருக்கிறான். பள்ளி முடிந்து மலையிறங்கி வீட்டுக்குப் போனதும் கணினியும் கையுமாக உட்காருவாள். ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பல நாட்டுக்காரர்களும் செய்த ஆராய்ச்சிகளைப் படித்து, எது எதோடு ஒத்துப்போகிறது, எது முரண்படுகிறது என்று அலசி எழுத வேண்டும். அதுதான் விரிவுரையாளர் கொடுத்த வேலை.

படிக்கத் தொடங்கியபோது அவளுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. வாய்ப்பாடு மனப்பாடமாக வேண்டும் என்று சொன்ன கட்டுரைகள் கிடைத்தன. விரலையே நம்பிக்கொண்டிருந்தால் பெரிய கணக்கில் தடுமாறுவார்கள் என்று சொன்னவையும் கிடைத்தன. அவற்றைப் படிக்கும்போது தன் வகுப்பை யாரோ சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது. பிறகு வேறு மாதிரி கட்டுரைகள் வரத் தொடங்கின. சின்ன வயதில் விரல் வைத்து எண்ணுவது மூளைக்குப் பிடிமானம் என்றன. எண்ணி எண்ணிப் பழகிய பிள்ளை, வேளை வந்தால் தானாகவே விரலை விட்டுவிடும் என்றன. இன்னொன்று பயத்தைப் பற்றியது. கணக்கைக் கண்டு பயப்படும் பிள்ளையின் மனசில் பாதி இடத்தைப் பயமே அடைத்துக்கொள்கிறது, கணக்குப் போட மீதி இடம் போதவில்லை என்று அதில் இருந்தது.

அந்தக் கட்டுரையைக் குமுதா பாதியில் மூடிவிட்டாள். அதையும் அதன் கூட்டாளிகளையும் தனியாக ஒரு கோப்பில் போட்டு, 'பிறகு பார்க்க' என்று பெயர் வைத்தாள். தனக்குச் சாதகமாகப் பேசியவற்றை மட்டும் வைத்து எழுதத் தொடங்கினாள். எழுத்து நன்றாகவே ஓடியது. ஆனால் அவள் செய்வது என்னவென்று அவளுக்குத் தெரியாதா? ஒரு பிள்ளை விடையைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற மாதிரி வழிமுறை எழுதினால் சிவப்பு மையால் சுழித்துவிடுகிறவள் அவள்தானே.

ஒரு சனிக்கிழமை. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. எழுதியது போதுமா என்று பார்ப்பதற்காக, தன் பக்கம் பேசும் கட்டுரைகள் எத்தனை என்று கணினித் திரையைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டிருந்தாள். தேத்தண்ணியோடு வந்த தினேஸ்வரன் நின்று பார்த்தான்.

"என்னா டீச்சர், லயத்துக் கணக்கு ஓடுதா?"

"என்னாது?"

"ஒங் கைய பாரு."

குமுதா பார்த்தாள். இடது கையின் கட்டைவிரல் மோதிரவிரலின் நடு ரேகையில் நின்றுகொண்டிருந்தது.

"பத்திரம்லா. ஒன் வகுப்புப் பிள்ளைங்க பாத்தா ரிப்பனோட வந்திரும்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அவன் போய்விட்டான். அவன் கேலிக்குத்தான் சொன்னான். குமுதா கையை மடியில் வைத்துக்கொண்டாள். தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டியது. படித்து, பட்டம் வாங்கி, டீச்சராகி, முதுகலையும் படிக்கிறவள் இன்னும் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் கையை யாரும் கட்டவில்லை.

மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

மகேன் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்கு லோரி ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருப்பான். அவன் பெண்டாட்டி பாஞ்சாலை தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிறாள். வாய்க்காரி, ஆனால் மனசில் எதையும் வைத்துக்கொள்ளாதவள். குமுதா உள்ளே நுழைந்தபோது பாஞ்சாலை அடுப்படியில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். வறுத்துக்கொண்டே கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எட்டும் ஆறும்? சொல்லுடி. எட்டும் ஆறும்?"

நளினி கூடத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு மணிக்கட்டும் நீல ரிப்பனால் சேர்த்துக் கட்டியிருந்தது.

குமுதா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வா குமுதா, ஏன் அங்கயே நிக்கிற? ஒன் மருமவளப் பாரு, தனி வகுப்புக்கு அனுப்பப் போறாங்களாமே. அதான் தெனமும் ஒக்கார வச்சு நானே கேக்குறேன்."

"அண்ணி, மொதல்ல அவ கைய அவுத்து விடுங்க."

"ஏன்?"

"அவுத்து விடுங்க அண்ணி."

பாஞ்சாலை கரண்டியோடு திரும்பினாள். "நல்லாருக்கே கத! நீ கட்டுனா படிப்பு, நான் கட்டுனா தப்பா? பள்ளிக்கூடத்துல எப்படியோ அப்படித்தானே வீட்லயும் பழக்கணும். இதுக்காகவே நான்கூட இவ முன்னாடி வெரல்ல எண்றதில்ல. அந்தப் பழக்கமே விட்டுப்போயி, சாக்க தப்பா எண்ணி, வேல வாங்குற மண்டோர்கிட்ட ஏச்சு வாங்குறேன், தெரியுமா?"

குமுதா கீழே உட்கார்ந்தாள். ரிப்பனின் முடிச்சு அவள் போட்டதைவிட இறுக்கமாக இருந்தது. அவிழ்த்தபோது நளினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா சரியென்று தலையசைத்த பிறகுதான் கையைப் பிரித்தாள். பிரித்த கைகளை உடனே சுவெட்டருக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தப்பு என்னோடது அண்ணி. வெரல்ல எண்றது தப்பே இல்ல. இந்த வயசுல எண்ணணும். எண்ணுனாத்தான் பின்னாடி தானா தலையில ஏறும். நான் படிக்கிற ஆராய்ச்சியில எல்லாம் அப்படித்தான் போட்டிருக்கு." சொல்லிவிட்டு நிறுத்தினாள். தனக்கே அது சரியாகப் படவில்லை. "எல்லாத்துலயும் இல்ல. கொஞ்சம் பேரு வேற மாதிரியும் சொல்றாங்க. ஆனா கைய கட்டச் சொல்லி யாரும் சொல்லல. ஒருத்தரும் சொல்லல."

அடுப்பில் நெத்திலி கருகும் வாசனை வந்தது. பாஞ்சாலை போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கட்டிலில் படுத்திருந்த மகேன் எழுந்து உட்கார்ந்தான்.

"அப்ப ஏன் கட்டுன?" என்று பாஞ்சாலை கேட்டாள். கேலி குரலிலிருந்து போய்விட்டிருந்தது.

"அண்ணன் பொண்ண விட்டுட்டாள்னு யாரும் சொல்லிறக் கூடாதுன்னு."

"குழாயடியில நாலு பொம்பளைங்க பேசறதுக்குப் பயந்தா?"

"ஆமா."

"அதுக்கு எம் புள்ளதான் கெடச்சாளா?"

நளினி இவர்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மகேன் வாய் திறந்தான்.

"பாஞ்சால, போதும் விடு. தங்கச்சி நல்லதுன்னு நெனச்சுத்தானே..."

"நீங்க சும்மா இருங்க! நல்லதுன்னு நெனச்சுத்தான் நானும் கட்டுனேன். என் கையாலயே கட்ட வச்சுட்டா இவ." பாஞ்சாலை புடவைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினாள். "சாப்ட்டுப் போ" என்றாள். "நெத்திலி கருகிப் போச்சு. அதத்தான் திங்கணும்."

குமுதா கருகிய நெத்திலியைத் தின்றாள். செருப்பை மாட்டும்போது பாஞ்சாலை வாசல்வரை வந்தாள்.

"எங்கிட்ட சொன்னது சரி. ஆனா எங்க வச்சுக் கட்டுனியோ, அங்க வச்சுச் சொல்லு. சிரிச்ச பிள்ளைங்க எல்லாம் இருக்கும்போது சொல்லு."

"சொல்றேன் அண்ணி."

வீட்டுக்கு வந்ததும் 'பிறகு பார்க்க' கோப்பைத் திறந்தாள். பாதியில் மூடிய கட்டுரையைக் கடைசிவரை படித்தாள். அதுவரை எழுதியதைக் கலைத்துப்போட்டு, இரண்டு பக்கத்தையும் சேர்த்து முதலிலிருந்து எழுத உட்கார்ந்தாள். அது கஷ்டமாக இல்லை. திங்கட்கிழமைதான் கஷ்டம்.

திங்கட்கிழமை முதல் பாடமே மூன்றாம் ஆண்டுக் கணக்கு. பனி இன்னும் விலகவில்லை. பிள்ளைகள் சுவெட்டரும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார்கள். குமுதா தன் இடது கையை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.

"முன்னாடி நான் நளினி கைய ரிப்பனால கட்டுனேன். ஞாபகம் இருக்கா? அது தப்பு. டீச்சர் செஞ்ச தப்பு. வெரல் வச்சு எண்ணலாம். நானும் இப்படித்தான் எண்ணுவேன்." கட்டைவிரலை ரேகை ரேகையாக நகர்த்திக் காட்டினாள்.

வகுப்பு வாயைப் பிளந்து பார்த்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த குகன்தான் முதலில் தைரியம் பிடித்தான்.

"டீச்சர், நான் எப்பவுமே எண்ணுவேன். மேசைக்குக் கீழ."

"நான் கால் வெரல்ல எண்ணுவேன் டீச்சர், சப்பாத்துக்குள்ள!" என்றது இன்னொன்று.

"நான் நாக்கால பல்ல எண்ணுவேன்!"

"பொய் சொல்றான் டீச்சர், இவனுக்கு முன்னாடி பல்லே இல்ல!"

வகுப்பு சிரித்துப் புரண்டது. ஒவ்வொரு பிள்ளையும் தன் திருட்டுத்தனத்தைச் சொல்லப் போட்டி போட்டது. குமுதாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிந்தது. அன்றைக்குப் பிறகும் எல்லாப் பிள்ளைகளும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அவள் பேச்சைக் கேட்டு உண்மையிலேயே எண்ணுவதை நிறுத்திய பிள்ளை ஒருத்திதான். அத்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய பிள்ளை.

நளினி சிரிக்கவில்லை. சன்னலோரத்தில் நேராக உட்கார்ந்து, டீச்சரின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குமுதா கரும்பலகையில் எட்டும் ஆறும் என்று எழுதினாள். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "அவசரமில்ல. எண்ணிட்டுச் சொல்லுங்க" என்றாள். தலைமையாசிரியரிடம் போய், நளினிக்குத் தனி வகுப்பு இப்போது வேண்டாம், கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். கேட்டால், 'அண்ணன் பொண்ணு, அதான்' என்று பேசுவார்கள். பேசட்டும்.

சன்னலோரத்தில் நளினியின் கைகள் மேசைக்கு அடியில் இருந்தன. எண்ணுகிறாளா என்று குனிந்தால் தெரிந்துவிடும். குமுதா குனியவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, பிள்ளை வேண்டிய அளவு நேரம் எடுத்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தாள்.