அவளுக்குப் படிக்கத் தெரியாது என்றேன்

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று நான் பொய் சொன்னேன்.

ஒரே ஒரு வாக்கியம். அதைக் கொண்டு பாண்டியம்மாள் என்ற பெண்ணுக்கு வரவிருந்த உத்தியோகத்தைக் கெடுத்தேன். அவளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவன் நானேதான்!

எனக்கு வயது எழுபத்து நான்கு. போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில், அதாவது சேமிப்புக் கிடங்கில், முப்பது ஆண்டுகள் மேலாளராக இருந்தேன். மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் காயைத் தரம் பிரிப்பவர்கள் பெண்கள். கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து, முறத்தில் பரப்பி, வெடித்தது, கறுத்தது, பொடிசு என்று தனித்தனியே பொறுக்குவார்கள். காலையில் குனிந்த தலை மாலையில்தான் நிமிரும்.

சிலமலையிலிருந்தும் ராசிங்காபுரத்திலிருந்தும் பிழைப்பற்று நின்ற பெண்களைத் தேடி அழைத்துவந்து வேலை கொடுத்தேன். கூலியை அவர்கள் கையில் மட்டுமே கொடுக்கச் செய்தேன். புருஷன் வந்து கேட்டால் விரட்டுவேன். வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். இவையெல்லாம் உண்மை. பெருமைக்காகச் சொல்லவில்லை... நல்லவன் என்று பெயரெடுத்த ஒருவன் எந்த இடத்தில் கெட்டான் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாண்டியம்மாளின் கணவன் ஜீப் ஓட்டியவன். குரங்கணி மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து இறந்தான். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு அவள் வேலைக்கு வந்தாள். மூன்றே மாதத்தில் எழுத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவளுடைய அதிசயம் எழுத்தல்ல, கண்.

ஒருநாள் விற்க வந்தவர் விட்டுப்போன மாதிரிக் காய் என் மேசையில் இருந்தது. பளபளக்கும் பச்சை. முறம் வாங்க வந்தவள் நின்று பார்த்தாள்.

“சார், இதை வாங்கிப்புடாதீக.”

“ஏம்மா? பச்சை எப்படி இருக்கு பாரு!”

“பச்சைக்கு என்ன கொறச்சல்? கல்யாணப் பொண்ணுக்குக்கூட இம்புட்டுப் பூச மாட்டாக.” சிரித்துக்கொண்டே விரலை நாக்கில் தொட்டுக் காயைத் தேய்த்துக் காட்டினாள். விரல் நுனியில் சாயம்.

அன்று முதல் எந்த மாதிரி வந்தாலும் அவளிடம் காட்டினேன். அவள் சொன்னதை என் கணிப்பாக முதலாளியிடம் சொன்னேன். “நம்ம மேனேஜரு கண்ணுதான்யா கண்ணு!” என்று கடைவீதி பேசியது. மறுத்தேனா? பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒருமுறைகூட மறுக்கவில்லை...

அப்போதுதான் கொச்சியிலிருந்து ஒரு நிறுவனத்தின் பெண் அதிகாரி வந்தார். போடியில் தரப் பரிசோதனைக் கூடம் திறக்கிறார்களாம். காய் பொறுக்கும் பெண்களிலேயே ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளத்தில் கண்காணிப்பாளராக வைத்துக்கொள்ள விருப்பம். கொட்டகையில் அரை நாள் நின்று பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தார்.

“சாரே, மூணாவதா இருக்குற அந்தச் சேச்சி... நல்ல கை. எழுத வாசிக்கத் தெரியுமோ? அது மட்டும் வேணும்.”

“தெரியாது மேடம். கைநாட்டு.”

அவர் முகம் வாடிற்று. வேறு இடத்தில் பார்ப்பதாகச் சொல்லிப் படியிறங்கிப் போனார். அரை மணி நேரத்தில் சாப்பாட்டு வேளை வந்தது. பாண்டியம்மாள் வழக்கம்போலத் தினசரியை எடுத்து மற்றவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினாள். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்!

ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் போனால் என் பெயர் போய்விடும் என்ற பயமா? நான் கைகொடுத்துத் தூக்கியவள் நாளை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து என் காயைத் தரமில்லை என்று தள்ளுவாளே என்ற எரிச்சலா? இரண்டும்தான். பெண்கள் முன்னேற வேண்டும் என்று எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன்... என் முறம் வரைக்கும் முன்னேறினால் போதும் என்பதே என் மனத்தில் இருந்திருக்கிறது.

அந்த உத்தியோகத்துக்குக் கம்பத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அதே ஆண்டு பாண்டியம்மாளின் மகள் செல்வி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். நர்சிங் படிக்க ஆசைப்பட்ட பெண். படிக்கவைக்க வழியில்லை.

“இவளுக்கும் ஒரு சோலி போட்டுக் குடுங்க சார்” என்று தாய் அழைத்துவந்தாள்.

போட்டுக்கொடுத்தேன். பாண்டியம்மாள் எனக்கு நன்றி சொன்னாள்!

பிறகு நான் ஓய்வுபெற்றேன். சென்ற ஆண்டு கிட்டங்கியின் மகளிர் தின விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். பெண்களின் சார்பில் பேச வந்தவள் பாண்டியம்மாள். தன் கையால் எழுதிய தாளைப் பிரித்து, “எங்க மேனேஜர் சார் இல்லேன்னா நான் இன்னமும் கைநாட்டுத்தான்” என்று வாசித்தாள். கூட்டம் கைதட்டியது. அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தபோது... வேண்டாம், அதை என்னால் எழுத முடியவில்லை.

மறுநாளே அந்த நிறுவனத்தின் போடிக் கூடத்துக்குப் போய் உண்மையைச் சொன்னேன். இப்போதாவது அவளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். வயது வரம்பு தாண்டிவிட்டது என்றார்கள். அங்கிருந்தே அவள் ஊரான சிலமலைக்குப் பஸ் ஏறினேன்.

அவள் வீட்டு வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் அழவில்லை.

“எந்த வருசம் சார்?”

“செல்வி பள்ளிக்கூடம் முடிச்ச வருசம்.”

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். “எனக்கு விதிச்சது இம்புட்டுத்தான்னு நெனச்சு நிம்மதியா இருந்தேன். அந்த நிம்மதியையும் இப்ப பிடுங்கிட்டீக.”

“மன்னிச்சிரும்மா.”

“எங்கிட்ட மட்டும் சொல்லிட்டு வெரசா பஸ் ஏறிரலாம்னு பாக்குறீகளா? சால்வைய எல்லாருக்கும் முன்னாடிதான வாங்குனீக? கொட்டகைக்கு வந்து சொல்லுங்க.”

திங்கட்கிழமை போனேன். நாற்பது பெண்கள் முன்னால் நின்று, இப்போது உங்களிடம் சொன்னதையெல்லாம் சொன்னேன். ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும். செல்வி தலை நிமிரவே இல்லை. அவள் விரல்கள் காயைப் பொறுக்கிக்கொண்டே இருந்தன.

பின்வரிசையிலிருந்து நூர்ஜகான் எழுந்தாள். இருபது ஆண்டுகளாக அங்கே வேலை பார்ப்பவள்.

“சார், எனக்கும் ஒரு காலத்துல பள்ளிக்கூடத்துல ஆயா வேலை வர்ற மாதிரி இருந்துச்சு. மேனேஜர்கிட்ட விசாரிச்சுட்டுச் சொல்றோம்னாக. அப்புறம் ஒண்ணும் வரல... என்னையப் பத்தி என்ன சொன்னீக சார்?”

கொட்டகையில் அத்தனை கைகளும் நின்றுவிட்டன. செல்வியின் கையும்!

யோசித்துப் பார்த்தேன். முப்பது ஆண்டுகளில் எத்தனை பேர் வந்து எத்தனை பெண்களைப் பற்றி விசாரித்தார்கள்! மில்லிலிருந்து, ஆஸ்பத்திரியிலிருந்து, பள்ளிக்கூடத்திலிருந்து... எல்லோருக்கும் ஏதோ பதில் சொல்லி அனுப்பியிருக்கிறேன். என்ன சொன்னேன்?

“ஞாபகம் இல்லம்மா” என்றேன். அது உண்மை. அதை ஒருத்தியும் நம்பவில்லை.

அதன்பின் மூன்று பெண்கள் தனித்தனியே என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு வருடத்தைச் சொல்லி, அந்த வருடம் தன்னைப் பற்றி யாராவது கேட்டார்களா என்கிறாள். இல்லவே இல்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் எனக்கே தெரியாதே...

நேற்று வந்தவள் பதிலுக்காக நெடுநேரம் காத்திருந்துவிட்டுப் போனாள். அவள் பெயரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.