பர்மாவிலிருந்து திரும்பியவரும் பூப்பந்துக் குழுவும்

அடுப்பங்கரையில் ஒரு பித்தளைத் தட்டு என் கை நழுவி விழுந்தது. அவ்வளவுதான். பர்மா சண்டையிலிருந்து திரும்பி ஒரு மாதமே ஆகியிருந்த என் கணவர், சாப்பாட்டு இலையை மிதித்துக்கொண்டு ஓடிக் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டார். வெளியே வந்தபோது சட்டை வியர்வையில் ஊறியிருந்தது.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படித் திரும்பியிருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

குற்றாலத்தில் குளித்தால் சித்தம் தெளியும் என்றார்கள். ஐந்தருவிக்கு அழைத்துப்போனேன். தண்ணீர் இரைச்சல் கேட்டதும், விமானம் வருகிறது என்று கத்தி என்னையும் தரையில் இழுத்துப் போட்டார். கடைக்காரர்கள் பார்க்க, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சாரலில் கிடந்தேன்.

தென்காசி டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "பேயுமில்லை, பைத்தியமுமில்லைம்மா. இது போர் அதிர்ச்சி" என்றார் (சண்டையில் கண்டதும் கேட்டதும் மனதைவிட்டு இறங்காமல் உடம்பை உலுக்கும் நோய்). பட்டணத்து ஆஸ்பத்திரியில் சில மாதம் தங்க வேண்டுமாம். எங்களுக்கு அதற்கு வசதியில்லை.

பட்டாளத்துக்குப் போகுமுன் அவர் சாயங்காலங்களில் பூப்பந்து ஆடுவார். குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் பொழுதுபோக்காகச் சேர்ந்த குழு அது. அதில் மூத்தவரான முத்தையா அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். குற்றாலத்தில் சீசன் கூட்டத்துக்கு டிக்கெட் போட்டுப் பந்தயம் நடத்தி, சிகிச்சைக்கு உதவப்போவதாகச் சொன்னார்.

எனக்கு அழுகை வந்தது. கூடவே பயமும் வந்தது.

"நோட்டீசுல அவுக பேரப் போட்டிராதீக அண்ணாச்சி. ஊரு சிரிக்கும்."

"பேரு வேண்டாம் தாயி. சண்டைக்குப் போயி மனசு நொந்து வந்தவுக வைத்தியத்துக்குன்னு மட்டும் போடுதோம். இதுல வெக்கப்பட என்ன இருக்கு?"

பந்தயத்தன்று நான் பெண்கள் பக்கம் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கீழப்பாவூரிலிருந்து வந்த ஒருத்தி, என்னை யாரென்று தெரியாமலே, நோட்டீசைக் காட்டிக் கேட்டாள்: "எந்தம்பியும் பர்மாவுல இருந்து வந்து சுவரப் பாத்தே உக்காந்திருக்கான் அக்கா. அவனுக்கும் உதவுவாகளா?"

பந்தயமே என் கணவருக்காகத்தான் என்று, அதுவரை வெளியாரிடம் ஒளித்து வைத்திருந்ததை அவளிடம்தான் முதலில் சொன்னேன். அண்ணாச்சியிடம் நானே கூட்டிப்போனேன். டிக்கெட் காசில் என் கணவரும் அவள் தம்பியும் ஒன்றாகவே பட்டணம் போனார்கள். துணைக்கு நாங்கள் இருவரும்.

அங்கே மருந்து கொடுத்துத் தூங்கவைத்தார்கள். தோட்டவேலை பழக்கினார்கள். ஒரு டாக்டர் தினமும் எதிரே உட்கார்ந்து, இவர் பேசினாலும் பேசாவிட்டாலும் காத்திருந்தார். மூன்றாம் மாதம், லாரியில் தன் பக்கத்திலேயே செத்துப்போன சிநேகிதனைப் பற்றி என் கணவர் வாய்திறந்தார். அன்று முழுக்க அழுதார். அதற்குப் பிறகு நடுக்கம் குறைந்தது.

"முழுசாப் போயிருமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"திரும்ப வரலாம். வந்தால் சமாளிக்க அவருக்குத் தெரிந்திருக்கும்."

அப்படித்தான் இருக்கிறது. வேட்டுச் சத்தம் கேட்டால் இன்றும் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். மூச்சை மெதுவாக இழுத்து விடுகிறார். பிறகு சிரிக்கிறார்.

என் தோள்கள் இத்தனை காலமும் இறுகிக் காதருகே உயர்ந்தே இருந்திருக்கின்றன. அவை தளர்ந்து இறங்கியபோதுதான் எனக்கே தெரிந்தது. அவருடைய ஒரு நடுக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டேதான் அன்றெல்லாம் இருந்தேன்.

நேற்று மத்தியானம் இருவரும் பாயில் படுத்தோம். "ஏட்டி, காப்பி கெடையாதா?" என்று அவர்தான் எழுப்பினார். வெயில் இறங்கியிருந்தது. என்ன கிழமை என்று யோசித்தேன். சட்டென்று நினைவுக்கு வரவில்லை.