எலி விழுந்த ஊர்

யுத்த காலத்தில் ஒரு தை மாதம், அம்மா பிறந்த ஊரைப் பார்க்கப் பொம்மிடியிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போனோம். கம்பைநல்லூரைத் தாண்டி இருந்த அந்த ஊர், அம்மா சிறுமியாக இருந்தபோது பிளேக்கில் காலியானது. வீட்டுக்குள் எலிகள் செத்து விழுந்தால் அடுத்தது மனிதர்கள்தான் என்று அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரியும். எலி விழுந்ததும் ஊரே எழுந்து ஓடியிருக்கிறது. பிறகு அங்கே கள்ளியும் ஊமத்தையும்தான் குடியிருந்தன. இப்போது அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, முன்னின்று, இடிந்த சுவர்களை எழுப்பி, கூரை வேய்ந்து, கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்து, பழைய குடும்பங்களையெல்லாம் திரும்ப அழைத்திருந்தார்.

நல்ல நாள் பார்த்துக் குடிபோகும்வரை உள்ளே யாரும் படுக்கக் கூடாது. அதனால் ஊருக்கு வெளியே, கொள்ளு அறுத்த கொல்லையில் வண்டிகளை அவிழ்த்துவிட்டு, பந்தல் போட்டுத் தங்கினோம். நான் ஒன்பது வயதுச் சிறுமி. கல் கூட்டிய அடுப்பும் வண்டியடித் தூக்கமும் எனக்குக் கொண்டாட்டமாக இருந்தன. எல்லோரும் வீடு பார்க்கப் போனபோது அம்மா மட்டும் தலைவலி என்று படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, நடை பழகிக் கொஞ்ச நாளே ஆன என் தம்பி ஊர்ப்பக்கமிருந்து தத்தித் தத்தி வந்தான். கையில் ஒரு செத்த எலி. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ஒருவரும் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எல்லோரும் பின்வாங்கினார்கள். தம்பியிடம் ஓடப் போன அப்பாவை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அம்மா நேராகப் போய் அவன் கையைத் தட்டிவிட்டு, அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கொல்லைக் கோடியில் இருந்த புளியமரத்தடிக்கு நடந்தாள். அங்கிருந்து அப்பாவிடம் சொன்னாள்:

“நான் இவனோட இருந்துக்கறனுங்க. பொண்ணக் கிட்ட வுடாதீங்க. சோத்த அந்தக் கல்லு மேல வெச்சிட்டுப் போயிருங்க.”

மாமா குச்சியால் எலியைப் புரட்டிப் பார்த்து, கழுத்தில் பல் பட்டிருக்கிறது, பூனை கடித்ததுதான் என்று சாதித்தார். இருந்த புளியந்தோப்பை விற்று ஊரை எழுப்பியவர் வேறென்ன சொல்வார் என்று மற்றவர்கள் வண்டியில் சாமான் ஏற்றத் தொடங்கினார்கள். கடைசியில் ஒரு வாரம் பொறுப்பது என்று முடிவானது. ஊர் மறுபடி ஊராவது, என் தம்பியின் அக்குளில் பிளேக் நெறி கட்டுகிறதா இல்லையா என்பதில் வந்து நின்றது. பேச்சு வராத பயலுக்கு இப்படி ஒரு பொறுப்பு.

தினமும் காலையில் கல்லுக்கு இந்தப் பக்கம் கூட்டம் கூடும். அம்மா அவன் கைகளைத் தூக்கிக் காட்டுவாள். அவன் ஏதோ விளையாட்டென்று சிரிப்பான். நான் என் அக்குளைத் தடவித் தடவி அதையும் நோகச் செய்துகொண்டேன். அவர்கள் இரண்டு பேரும் செத்துப்போவார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் பொறுக்காமல் கல்லைத் தாண்டினேன். அம்மா மண்ணாங்கட்டியை எடுத்து என்மேல் எறிந்தாள். முழங்காலில் பட்டு வலி உயிர் போயிற்று. எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஒரு காலையில் அம்மா கைகளைத் தூக்கிக் காட்டவில்லை. தம்பி மடியில் துவண்டு கிடந்தான். அப்பா கல்லருகில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அப்பா அழுது பார்த்தது அன்றுதான். சாயங்காலம் வரை யாரும் அடுப்பு மூட்டவில்லை. அதுவரை அவன் உடம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா அதற்குப் பிறகுதான் எழுந்து நின்று, காய்ச்சல் இல்லை, புளியங்காயைத் தின்று வயிறு போகிறது என்றாள்.

வாரம் முடிந்தது. மேளம் கொட்டி, பசுவையும் கன்றையும் முதலில் ஊருக்குள் ஓட்டி, பின்னால் எல்லோரும் நுழைந்தோம். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட அம்மா, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துத் தான் பிறந்த வீட்டுக்குள் போனாள். உள் அறை வாசலில் நின்றுவிட்டாள். புதுச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. மாமா பெருமையாக, எல்லாம் பழையபடியே கட்டியிருக்கிறேன், பார் என்றார்.

அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்: “எங்கம்மா இங்கதான் படுத்திருந்தாங்க. நெறி கட்டியிருச்சு. ஒரு சொம்புத் தண்ணி வெச்சிட்டு, கதவச் சாத்திட்டு எல்லாரும் ஓடிட்டோம். தெருக்கோடி வரைக்கும் எம்பேரச் சொல்லிக் கூப்புட்டது கேட்டுச்சு.”

மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனார். தம்பி இறக்கிவிடச் சொல்லி உதைத்துக்கொண்டிருந்தான். அம்மா இறக்கவில்லை.