இரண்டு அரக்குத் துண்டுகள்

புணே கேம்ப் கடைத்தெருவில் சேலைக்கேற்ற ரவிக்கைத் துணி தேடுவோர் கடையின் பெயரைச் சொல்வதில்லை. ‘செல்வமேரி இருக்கும் கடை’ என்பார்கள். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவரின் மகள் அவள். அப்துல் காதரின் மேட்சிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு வயது இருபத்தேழு, இப்போது ஐம்பது. அங்கே அரக்கு நிறத்தில் மட்டும் பதினான்கு துணிக்கட்டுகள் இருந்தன. சேலையின் முந்தானையை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், சரியான கட்டின்மீது அவள் கை தானாகப் போய் நிற்கும். ஆயினும், கத்தரிக்கோலை எடுக்குமுன் சேலையையும் துணியையும் நடைபாதைக்குக் கொண்டுபோய் வெயிலில் ஒருமுறை பார்ப்பாள். அது அவளுடைய மாறாத வழக்கம். சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோக்காரர்கள்கூட அபிப்பிராயம் சொல்வதுண்டு.

சென்ற தீபாவளிக்கு முன் கடை புதுப்பிக்கப்பட்டது. கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் வந்தன, பழைய குழல்விளக்குகள் போய், எல்.இ.டி. விளக்குகள் வந்தன. அவற்றைப் பொருத்தியவர் செல்வமேரியின் கணவர் ஜெபகுமார். சாங்வியில் பெயர்பெற்ற எலக்ட்ரீஷியன்.

“டியூப்லைட் தின்ன கரண்டுல பாதிகூட இது தின்னாது, பாய். வெளிச்சம் அப்படியே பகல்தான். பெட்டியிலயே போட்டிருக்கு, பாருங்க” என்று ஏணிமேல் நின்று பெருமையோடு சொன்னார். பிறகு கீழே நின்ற மனைவியைப் பார்த்து, “இனி நீ துணியத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓட வேண்டாம், மேரி. சூரியனையே உனக்கு உள்ள கொண்டாந்துட்டேன்லா” என்றார்.

முழங்கால் வலியோடு அவள் நாள் முழுவதும் படியேறி இறங்குவதை அவர் அறிவார். அதற்காகவே அப்படிச் சொன்னார். அவளும் நம்பினாள், வெளியே போவதை விட்டாள்.

சனவரியில், நிறம் சேரவில்லை என்று முதல் துணி திரும்பி வந்தது. அடுத்த மாதம் இன்னும் இரண்டு. மார்ச்சில், லோஹேகாவிலிருந்து எப்போதும் வரும் விசாலம் மாமி, மகளுடைய பட்டுப்புடவையையும் தைத்த ரவிக்கையையும் மேசைமேல் வைத்தார்.

“என்ன செல்வமேரி இது? நிச்சயதார்த்தத்தன்னிக்கு மண்டப வாசல்ல நின்னா புடவை அரக்கு, ரவிக்கை செங்கல்! ‘அவசரத்துல மாத்திப் போட்டுண்டுட்டாளா’ன்னு சம்பந்தியம்மா கேக்கறா. கல்யாணத்துக்காவது சரியாக் குடுடிம்மா.”

செல்வமேரி இரண்டையும் விளக்கின்கீழ் விரித்தாள். அவளுக்கு அவை ஒரே நிறமாகவே தெரிந்தன. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

கண் மருத்துவரிடம் போக அவளுக்குத் துணிவில்லை, போனால் உறுதியாகிவிடுமே. முதலாளியிடம் சொல்லவேண்டிய ஒரு வாக்கியத்தை மட்டும் மனத்துக்குள் அமைத்து வைத்துக்கொண்டாள்: ‘நிறம் பார்க்கும் வேலைக்கு இனி வேறு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.’ மாமியிடம் கேட்டு, புடவையின் உள்தலைப்பில் விரலகலத் துண்டு ஒன்றும், ரவிக்கைத் தையலின் உள்மடிப்பில் துண்டு ஒன்றும் வெட்டி, கைப்பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

சமையலறையில் ஜெபகுமார் அதே வகை விளக்கைத்தான் மாட்டியிருந்தார். அதன்கீழ் துண்டுகள் இரண்டும் ஒரே நிறம். ஞாயிற்றுக்கிழமை காலை, தேவாலயத்துக்குப் புறப்படுமுன், பால்கனி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஒன்று அரக்கு, மற்றது செங்கல். சமையலறைக்கு ஓடினாள், மறுபடியும் ஒரே நிறம். மூன்றாம் முறை பால்கனிக்கு வந்தவள், துண்டுகளை மடியில் போட்டுக்கொண்டு கண்களை மூடி உட்கார்ந்துவிட்டாள்.

“என்னட்டி, கோயிலுக்கு நேரமாச்சுல்லா? தலவலியா?”

“என் கண்ணு போச்சுங்க. அடுப்படியில ஒண்ணாத் தெரியுது, இங்க ரெண்டாத் தெரியுது. நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுது. நாளைக்கு பாய்கிட்டச் சொல்லிட்டு விலகிருதேன்.”

ஜெபகுமார் துண்டுகளை எடுத்து வெயிலில் பார்த்தார். பிறகு சமையலறைக்குள் போனார். வெகுநேரம் கழித்தே வெளியே வந்தார்.

“மேரி, எனக்கும் அப்படித்தான் தெரியுது.”

“ஐயோ, ரெண்டு பேருக்கும் சேந்தா போச்சு?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த முகத்திலேயே கண்களும் கலங்கின. “உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்லட்டி. லைட்டுதான் சரியில்ல. நான் போட்ட லைட்டு” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் தப்கீர் கல்லியின் மின்சாதனக் கடைகளில் விசாரித்தபோது விவரம் தெரிந்தது. அந்த விளக்கினுள் பிறப்பது நீல ஒளி. மேலே பூசிய மஞ்சள் பூச்சு அதில் ஒரு பகுதியை மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தோன்றுகிறது. மலிவான விளக்கில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. அதனால், வெவ்வேறு சாயம் ஏறிய இரண்டு சிவப்புகள் அதன்கீழ் ஒன்றுபோலத் தோன்றிவிடலாம். பெட்டியில் அச்சிட்ட ‘பகல்’, ஒளியின் வெண்மையை மட்டுமே குறித்தது. நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கு சி.ஆர்.ஐ. என்று வேறோர் எண் உண்டு. அவர் பொருத்தியவற்றில் அது எழுபது. சிவப்புக்கெனத் தனிப் பூச்சும் சேர்ந்த புதுவகை விளக்குகளில் தொண்ணூற்றேழு. முப்பது ஆண்டுகளாக விளக்குகளைப் பொருத்தியவர், அந்த எண்ணை அன்றுதான் முதன்முதலாகப் படித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏணியோடு கடைக்கு வந்தவரைப் பார்த்து அப்துல் காதர் கேட்டார்: “ஏன் ஜெபகுமார், போன வருஷம் கொண்டாந்த சூரியன் அதுக்குள்ள அவிஞ்சுபோச்சா?”

“அது டூப்ளிகேட் சூரியன், பாய்.”

புதிய விளக்குகள் எரிந்தன. செல்வமேரி துண்டுகளை மேசைமேல் வைத்தாள். ஒன்று அரக்கு, மற்றது செங்கல். நிறம் சேராததைக் கண்டு அவள் மகிழ்ந்தது வாழ்க்கையிலேயே அன்று ஒருநாள்தான். அமைத்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்லவேண்டிய தேவையே எழவில்லை.

மதியம் விசாலம் மாமி அதே புடவையோடு வந்தார். செல்வமேரியின் கை ஒன்பதாவது அரக்குக் கட்டில் போய் நின்றது. துணியையும் புடவையையும் தோளில் போட்டுக்கொண்டு அவள் வாசலை நோக்கி நடந்தாள்.

“எங்க போற? இப்பவும் என் லைட்ட நம்பலயா?” என்று ஏணியை மடித்துக்கொண்டிருந்த ஜெபகுமார் கேட்டார்.

“லைட்ட நம்புதேங்க. போட்ட ஆளத்தான் அளவுக்கு மீறி நம்பிட்டேன்.”

அவர் கண்ணாடிக் கதவைத் திறந்து, அவள் முழங்கையைத் தாங்கிப் படியிறக்கிவிட்டார். வெயிலில் புடவையும் துணியும் எங்கே பிரிகின்றன என்று தெரியாமல் ஒன்றாகிக் கிடந்தன. எதிரே நின்ற ஆட்டோவிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்து, சித்தியை அழைப்பதுபோல் மராத்தியில் கூவியது.

“ஏக்தம் மேட்ச், மாவ்ஷி!”

செல்வமேரி கத்தரிக்கோலை எடுக்க உள்ளே திரும்பினாள்.