சித்தியின் ஒரு மணி நேர மந்திரம்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது நான் உருவாக்கிய முதல் மந்திரத்தை என் சொந்த அக்காவே தள்ளுபடி செய்தாள். அருமையான மந்திரம் அது. ஒருமுறை கையைத் தட்டினால் எதிரிகள் அத்தனை பேரும் தூங்கிவிடுவார்கள்; பிறகு எழுந்திருக்கவே மாட்டார்கள். பள்ளிப் பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் அவளிடம் சொன்னேன்.

"சரி, இதே மந்திரத்த எதிரி உன் மேல போட்டா நீ சும்மா இருப்பியா?" என்று கேட்டாள்.

இருக்கமாட்டேன் என்றேன்.

"இது கையில இருந்தா வேற மந்திரம் எதாச்சும் எடுப்பியா?"

எதற்கு எடுக்க வேண்டும்?

"இதுக்கு நீ என்னா விலை குடுக்குற?"

கைதட்டுவதற்கு யாராவது விலை கொடுப்பார்களா? அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "அப்ப இது செல்லாது லா. மூணு கேள்வியிலயும் பெயில்."

அக்கா அப்போது கோலாலம்பூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தபோது தோழிகளிடம் கற்ற ஒரு விளையாட்டையும் கொண்டுவந்திருந்தாள். அதில் பலகை கிடையாது, கதைதான் விளையாட்டு. அக்கா கதையை நடத்துவாள். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நுழைந்து, "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வெளியே, ஈயம் தோண்டிவிட்டுப்போன பழைய குட்டைகளும் செம்பனைக் காடும்தான் அவள் கதையில் மாய தேசம். கார் நிறுத்தும் இடத்தில் மேசை போட்டு, பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் வரைபடம் வரைந்து, கேரம் காய்களை அரக்கர்களாக நிறுத்துவாள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுக்க நாங்கள் அங்கேதான் கிடப்போம்.

விதிப்புத்தகத்தில் இருக்கும் மந்திரங்கள் போக, நாமே செய்துகொள்ளும் மந்திரங்களுக்கும் இடம் உண்டு. ஆனால் அவை மூன்று கேள்விகளைத் தாண்ட வேண்டும். என் மந்திரம் தோற்றது எனக்கு வருத்தம்தான், ஆனால் அந்தக் கேள்விகள் எனக்கு மிகவும் பிடித்துப்போயின. அடுத்த ஞாயிறு மாமா மகன் நெருப்பு மழை பொழியும் மந்திரம் ஒன்றோடு வந்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். எங்கள் வீட்டுக்குப் பின் வரிசையில் அவன் வீடு. அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு மூன்றையும் கேட்டுவிட்டேன். அவன் முகம் தொங்கிப்போயிற்று. நெருப்பு மழை பெய்தால் நாங்களும் சேர்ந்துதான் எரிவோம் என்பதை அவன் யோசித்திருக்கவில்லை.

"இனிமே நீயே ஜட்ஜா இரு," என்று அக்கா சிரித்தாள்.

பதவி வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளியில் கொடுத்த வீட்டுப்பாடம் நியாயமான அளவுதானா என்று எடைபோட்டேன். கடைக்குப் போய்வரச் சொன்ன அம்மாவிடம், "இதே வேலைய நான் உங்கள செய்யச் சொன்னா சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டேன். அம்மா கையில் இருந்த அகப்பையைக் காட்டினார். உடனே கடைக்குப் போய்விட்டேன்.

எங்கள் ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. அந்தக் குறையைத் தீர்த்தவர் சித்தி. அம்மாவின் தங்கை. கல்யாணமாகி சுங்கை பெசாரில் இருந்தவர், அந்த வருடம் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் பெரிய பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டார். சித்தப்பா வரவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை. எனக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. சித்திக்கு அக்கா ஒரு வில்லையும் ஒரு ஜோடி பறக்கும் காலணியையும் கொடுத்து விளையாட்டில் சேர்த்துக்கொண்டாள். சித்தி நன்றாகவே விளையாடினார். ஆனால் நேரத்துக்குப் பகடை உருட்டமாட்டார். அது அவர் தவறு என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டுக்கு யாராவது வந்துவிடுவார்கள். முக்கியமாக அத்தை, அப்பாவின் அக்கா. வீட்டுக்குள் போகும் வழியில் எங்கள் மேசை இருந்ததால், மேசையருகே நின்று சித்தியிடம் ஆரம்பித்துவிடுவார்.

"எப்பம்மா திரும்பிப் போற? அவரு போன் பண்ணாரா? டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போனீங்களா இல்லியா?"

சித்தி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி ஏதோ சொல்வார். அதற்குள் அரக்கன் எங்களை இரண்டு அடி அடித்துவிடுவான். எனக்குக் கோபமாக வரும், அத்தை மீது அல்ல, சித்தியின் மீது. விளையாட்டில் கவனம் இல்லாத ஆளை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

அப்படி ஒரு ஞாயிறு, அத்தை உள்ளே போனதும், சித்தி பகடையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நானும் ஒரு மந்திரம் செய்யணும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சித்தி அதுவரை எதுவுமே கேட்டதில்லை.

"இந்த மந்திரத்த போட்டுக்கிட்டா, ஒரு மணி நேரத்துக்கு யாரும் என்கிட்ட எந்தக் கேள்வியும் கேக்க முடியாது."

மாமா மகன் தொடர்ந்து ஏதாவது வரும் என்று காத்திருந்தான். "அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. அவ்ளோதான்."

"எதிரிக்கு அடி விழாதா?"

"விழாது."

"நமக்கு உயிர் கூடாதா?"

"கூடாது."

அவன் மேசையில் கவிழ்ந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நடுவர் சிரிக்கக் கூடாது. முறைப்படி விசாரித்தேன். எதிரி இதை உங்கள் மேல் போட்டால் என்றேன். போட்டுக்கொள்ளட்டும், நான் யாரையும் எதுவும் கேட்கப்போவதில்லை என்றார். இது இருந்தால் வேறு மந்திரம் எடுப்பீர்களா என்றேன். தெரியவில்லை என்றார். என்ன விலை என்று கேட்டபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. தன் பாத்திரத்தின் உயிரில் பாதியைத் தருவதாகச் சொன்னார்.

"பாதியா? சித்தி, இதுக்கு ரெண்டு புள்ளி குடுத்தாலே அதிகம்."

"பரவால்ல. பாதி குடுக்கறேன்."

பலமே இல்லாத மந்திரத்துக்கு இவ்வளவு விலை கொடுப்பவரை என்ன செய்வது? செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அக்கா சித்தியை ஒருமுறை பார்த்துவிட்டு வரைபடத்தைச் சுருட்டினாள்.

விடுமுறையின் கடைசி ஞாயிறு வந்தது. மறுநாள் அக்கா கிளம்பிவிடுவாள். அன்று ஜெயிக்காவிட்டால் கதை அப்படியே போய்விடும். குட்டையின் அடியில் ஒரு கதவு, அதற்குப் பின்னால் புதையல். கதவின் முன்னால் கேள்விக் காவலன். கிட்டே வரும் ஒவ்வொருவரையும் மூன்று கேள்வி கேட்பான். தவறினால் உயிர் குறையும். கேட்டு முடிக்கும்வரை எந்த ஆயுதமும் அவன் மேல் படாது. அந்தக் கேள்விகளை உருவாக்க அக்கா பல நாள் மண்டையை உடைத்திருக்கிறாள் என்பது கேட்டபோதே தெரிந்தது.

"ஆற்றங்கரையில் எரியும், மழை அணைக்காது, காற்று அணைக்காது, விடிந்தால் தானாக அணையும். அது என்ன?" என்று அக்கா குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு கேட்டாள்.

"தெரு விளக்கு," என்றான் மாமா மகன்.

சரியான விடை மின்மினிப் பூச்சி. கோலா சிலாங்கூருக்குப் படகில் போய் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவன்தான் அவனும். மூன்றிலும் தவறி அவன் விழுந்தான். அடுத்து நான் போனேன். முதல் இரண்டு கேள்விகளும் தவறின. உயிர் ஒரே ஒரு புள்ளியில் தொங்கியது. வெளியே மழை கொட்டத் தொடங்கியது. சாரல் வரைபடத்தில் விழ, நான் என் சட்டையால் அதைப் பொத்திக்கொண்டேன்.

"நான் மந்திரம் போடறேன்," என்றார் சித்தி.

எந்த மந்திரம் என்று புரிய எங்களுக்கு ஒரு நொடி ஆனது. புரிந்ததும் மாமா மகன் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான். பன்னிரண்டுக்கு மேல் விழ வேண்டும் என்றாள் அக்கா. பகடை மேசையைத் தாண்டி உருண்டு அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு அடியில் போய்விட்டது. நானும் அவனும் தவழ்ந்து போய், தொடாமல், தலையைத் தரையில் வைத்துப் பார்த்தோம். பதினேழு.

நாங்கள் போட்ட சத்தத்தில் அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்துவிட்டார்.

அக்கா காவலனாக வாயைத் திறந்தாள். "முதல் கேள்..." அங்கேயே நின்றுவிட்டாள். தான் எழுதிய தாளைப் புரட்டினாள். கேள்வியே இல்லாவிட்டால் காவலன் என்ன செய்வான் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. "சித்தி, இப்ப நீங்க என்னா செய்றீங்க?" என்றாள்.

"கேட்டுட்ட! கேக்கக் கூடாது!" என்று மாமா மகன் குதித்தான்.

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரி. செய்றத சொல்லுங்க."

"நான் நடந்து போறேன். மெதுவா."

"ஓடுங்க சித்தி," என்று நான் கத்தினேன்.

"எதுக்கு ஓடணும்? ஒரு மணி நேரம் இருக்கே." சித்தி தன் காயை வரைபடத்தில் நகர்த்திக் காவலனுக்குப் பக்கத்தில் வைத்தார். "இங்க கொஞ்ச நேரம் உக்கார்றேன்."

எதிரியின் காலடியில் போய் யாராவது உட்காருவார்களா? நாங்கள் இருவரும் தலையில் அடித்துக்கொண்டோம். சித்தியோ கன்னத்தில் கைவைத்துக்கொண்டு அந்தக் காயையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை மட்டும் தகரக் கூரையில் அடித்தது. பிறகு எழுந்து கதவைத் திறப்பதாகச் சொன்னார். கேள்விகளில்தான் காவலனின் உயிர் இருந்தது என்று அக்கா அந்த இடத்திலேயே முடிவுசெய்தாள். கேட்க முடியாத காவலன் மணலாகச் சரிந்தான். கதவு திறந்தது. புதையல் எங்களுடையது. மாமா மகன் மழைக்குள் ஓடிப்போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தான்.

ஆரவாரம் அடங்கியதும் அவனே ஆரம்பித்தான். "அந்த மந்திரம் ரொம்ப பவர் லா. அக்கா மறுபடியும் வந்து நடத்துறப்ப நம்ம எல்லாத்தையும் இதுலயே முடிச்சிடலாம். ஃபேர் இல்ல."

அது நியாயமான பேச்சு. நடுவரான எனக்குக் கடமை இருந்தது. "ஒரு மணி நேரம் கிடையாது. ஒரு நிமிசம்," என்று தீர்ப்பை மாற்றினேன்.

"விடு பாப்பா," என்றாள் அக்கா.

"இல்ல, ஜட்ஜ் சொன்னா கேக்கணும்," என்ற சித்தி என் பக்கம் திரும்பினார். "நேரத்த மட்டும் குறைக்காத. வேற எதாச்சும் எடுத்துக்க. வில்ல எடுத்துக்க."

வில் போதாது என்றேன். பறக்கும் காலணியைத் தந்தார். அதுவும் போதாது என்று நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள, புதையலில் தன் பங்கு முழுவதையும் எங்கள் இருவர் பக்கம் தள்ளிவிட்டார். சித்தியிடம் மிஞ்சியது பாதி உயிரும் அந்த ஒரு மணி நேரமும்தான். செல்லும் என்றேன்.

மாமா மகனும் நானும் மேசைக்கு அடியில் கையைத் தட்டிக்கொண்டோம். விளையாட்டில் எது விலை உயர்ந்தது என்றே சித்திக்குத் தெரியவில்லை, அந்தப் பேரத்தில் அவரை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று அன்றைக்கு முழுக்க எங்களுக்குச் சிரிப்பு.